நாற்பத்தொன்றாம் வண்டியின் பதினேழு பதிவுகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, விசாரணைக் குழுவின் தலைவர் அவர்களே, தொழிற்சங்கச் செயலாளர் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும், நம்மை விட்டுப் போனவருடைய மனைவி, மகள், மூத்த அண்ணன் ஆகியோரே, வண்டிகளை நிறுத்திவிட்டு வந்து நிற்கும் ஓட்டுநர்களே, நடத்துநர்களே, கையில் கிரீஸ் கழுவாமல் வந்திருக்கும் என் மெக்கானிக்குகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். எனக்கு மேடைப்பேச்சு வராது. முப்பத்தோரு வருடமாக இந்த ஷெட்டுக்குள் நான் உரக்கப் பேசியதெல்லாம் திட்டுவதற்குத்தான் என்று உங்களுக்கே தெரியும். அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறேன். நடுவில் நின்றுவிட்டால் யாரும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வர வேண்டாம். நானே தொடர்வேன்.

நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம்? இந்தப் பணிமனையின் மூத்த மின்பழுது நிபுணர், நாற்பத்தாறு வயதில் இறந்துபோன, நாம் எல்லோரும் 'அறுபது' என்றே கூப்பிட்ட அவருக்காக. ஒன்பது நாட்களுக்கு முன்னால், இதே கூரைக்குக் கீழே, அதோ அந்த மூன்றாம் எண் இடத்தில் அவர் இறந்தார். தரையைக் கழுவிவிட்டார்கள். ஆனால் பாருங்கள், இத்தனை கூட்டத்திலும் அந்த இடத்தில் ஒருவரும் கால் வைக்கவில்லை.

வாசலில் வரும்போது அறிவிப்புப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் குத்தப்பட்டிருக்கின்றன. ஒன்று இந்தக் கூட்டத்துக்கான அழைப்பு. இன்னொன்று விசாரணைக் குழுவின் முதற்கட்ட அறிக்கை. ஒரே பக்கம். அதில் மூன்று விஷயங்கள் சொல்லியிருக்கிறார்கள். வண்டியின் பழுது நினைவகத்தில் எந்தப் பதிவும் இல்லை. வண்டிக்கு அடியில் எடை தாங்கும் இரும்புத் தாங்கிகள் வைக்கப்படவில்லை. ஆகவே பணியாளரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.

ஒரு தாள் அவரைப் புகழ்கிறது. இன்னொரு தாள் அவரை அஜாக்கிரதைக்காரர் என்கிறது. இரண்டையும் குத்தியது ஒரே கை. நான் இங்கே நிற்பது அந்த இரண்டாவது தாளின் கடைசி வரியைப் பற்றிப் பேசுவதற்காக. அதற்கு முன் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வரி எவ்வளவு பெரிய பொய் என்று உங்களுக்குப் புரியாது.

அவர் இங்கே வந்தபோது நம் ஷெட்டில் மின்பழுது பார்க்கும் முறை என்னவாக இருந்தது? மாத்திப் பாரு. அவ்வளவுதான். வண்டி திடீரென்று நின்றால் ஒரு பெட்டியை மாற்றுவோம். சரியாகவில்லையா, அடுத்த பெட்டி. குடும்பத்தார் இருக்கிறார்கள், அவர்களுக்காக விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு பேருந்துக்குள் பதினான்கு சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. என்ஜினுக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, வண்டியின் உயரத்தை ஏற்றி இறக்குகிற காற்றுப் பைகளுக்கு ஒன்று. இத்தனையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டே இரண்டு ஒயரில். எல்லோரும் அதே ஒயரில்தான் பேச வேண்டும், அதே ஒயரில்தான் கேட்க வேண்டும். அந்த ஒயர் எங்காவது உரசி நசுங்கினால், ஒழுங்காக இருக்கிற பெட்டிகூட ஊமையாகிவிடும்.

அவர் வந்த முதல் வாரம் ஒரு வண்டி இருபது நாளாகப் படுத்திருந்தது. நாங்கள் நான்கு பெட்டிகள் மாற்றியிருந்தோம். அவர் வந்தார். பேட்டரியைக் கழற்றினார். ஒரு சிகரெட் நேரம் சும்மா நின்றார். எனக்கு எரிச்சல். "என்னப்பா, சாமி வர்றதுக்குக் காத்திருக்கியா?" என்று கேட்டேன். அவர் மீட்டரை எடுத்து அந்த இரண்டு ஒயரிலும் வைத்தார்.

"அண்ணே, நூத்தி இருபது வருது. அறுபது வரணும்."

"வந்தா என்ன, வராட்டா என்ன?"

"இந்த ஒயரோட ரெண்டு முனையிலயும் ஆளுக்கு ஒரு தடுப்பு இருக்கும். தனித்தனியா நூத்தி இருபது, ரெண்டும் சேந்தா பாதியாகி அறுபது ஓம் காட்டும். நூத்தி இருபதுன்னா ஒரு முனை அந்து போச்சு. நீங்க மாத்தின நாலு பெட்டியும் நல்ல பெட்டி அண்ணே. பாவம், வயசுக்கு முன்னாடியே ஸ்டோருக்குப் போயிடுச்சு."

டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டார். ஒரு கனெக்டரில் ஒரே ஒரு ஊசி வளைந்திருந்தது. நகத்தால் நிமிர்த்தினார். இருபது நாளாகப் படுத்திருந்த வண்டி அன்று மதியம் ரூட்டுக்குப் போனது. அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி "அறுபது வருதா?" என்பதுதான். அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. புதிதாக வந்த நடத்துநர்கள், ரிட்டயர் ஆகப் போகிற பெரியவர் யாரோ என்று நினைத்துக்கொண்டு வந்து பார்த்து ஏமாந்து போனதுண்டு.

ஓட்டுநர்களே, உங்களுக்கு அவர் யார்? நீங்கள் சொன்னதை முழுசாகக் கேட்ட ஒரே ஆள். நானெல்லாம் நீங்கள் வாயைத் திறந்ததும் "வண்டியை நீ எப்படி ஓட்டினே, அதைச் சொல்லு" என்று பாய்வேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்வார். 'பள்ளத்துல இறங்கினா போர்டு கண்ணை மூடிக்குது.' 'மூணாவது கியர்ல மொறைக்குது.' நான் கேலி செய்வேன். அவர் சொல்வார், "டிரைவரு பொய் சொல்ல மாட்டாருண்ணே. அவருக்குப் பேரு தெரியாது, அவ்வளவுதான். பேரைக் கண்டுபிடிக்கிறதுக்குத்தானே நமக்கு வேலை கொடுத்திருக்காங்க."

பதினெட்டாம் வண்டி ஞாபகம் இருக்கிறதா? தினமும் காலை ஒரே ஒரு டிரிப்பில் மட்டும் நின்று போகும். ஷெட்டுக்கு வந்தால் எந்தக் குறையும் இருக்காது. மூன்று நாள் அவர் பயணியாகவே போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்து நேராக அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

"சார், ஆபீஸ்ல இருக்கறதுலயே கனமான ஆறு பேர் வேணும்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. காலை டிரிப்பில் மட்டும்தான் கடைசி இருக்கை நிறையும், அது நிறைந்தால் பின்பக்கம் தாழும், தாழ்ந்தால் எங்கோ ஒயர் இழுபடும் என்பது அவர் கணக்கு. மேலாளர் அவர்களே, அந்த ஆறு பேரில் நீங்களும் ஒருவர். கடைசி இருக்கையில் வரிசையாக உட்கார வைத்தார். நீங்கள் உட்கார்ந்ததும் என்ஜின் நின்றது. அன்று முழுவதும் உங்களைப் பார்த்து யாரும் நேராக முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒயரை அரை அடி நீட்டிக் கட்டினார். பதினெட்டு அதற்குப் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை.

கவனக்குறைவான ஆள் செய்கிற வேலையா இது?

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசிவிட்டுப் போனால் அவரே எழுந்து வந்து சண்டை பிடிப்பார். அதனால் மற்றதையும் சொல்கிறேன். பிடிவாதக்காரர். கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். தன் மீட்டரின் ஒயரை வேறு யார் தொட்டாலும் நாள் முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். காரணம் தெரியாமல் வண்டியை வெளியே விட மாட்டார். அதனால் எத்தனை டிரிப் ரத்தாகியிருக்கிறது, நான் மேலிடத்தில் எத்தனை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். மேடையில் மாலை போட்டு வைத்திருக்கும் இந்தப் படம் அவருடைய அடையாள அட்டையில் இருந்து பெரிதாக்கியது. முறைத்துக்கொண்டிருக்கிறார். படம் எடுத்தவர் சிரிக்கச் சொன்னதற்கு, "சிரிச்சா மீட்டர்ல ரீடிங் மாறுமா?" என்று கேட்டவர் அவர்.

அவரும் நானும் நான்கு மாதம் பேசாமல் இருந்தோம். இதுவும் உங்களுக்குத் தெரியும். ஒரே அறையில் நின்றுகொண்டு, உதவி எலக்ட்ரீஷியன் அம்மாவை நடுவில் வைத்துப் பேசினோம். "அவர்கிட்ட சொல்லும்மா, வண்டி ரெடின்னு." "அவர்கிட்ட கேளும்மா, என்ன பழுதுன்னு." அந்த அம்மாவுக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். நாங்கள் எதற்காகச் சண்டை போட்டோம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. இன்றைக்கு அது தெரிந்தாக வேண்டும்.

நம் ஷெட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வாசலில் வண்டிக்கு வெளியே போகச் சீட்டுத் தர மாட்டார்கள். காலையில் வண்டிகள் வரிசையாக நிற்கும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அப்போது என்னைப் போன்ற ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒருவர் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போய்ச் செருகி, பெட்டிகள் எழுதி வைத்திருக்கும் பழுதுப் பதிவுகளை ஒரு பொத்தானில் அழித்துவிடுவார். விளக்கு அணைந்துவிடும். வண்டி வெளியே போய்விடும். பழுது போகாது. பழுதின் தடயம் போய்விடும். எல்லா ஷிப்டிலும் செய்கிறோம். யாரும் யாரையும் கேட்டதில்லை.

அவர் ஒருவர்தான் கேட்டார். "விளக்கு எரியுதுன்னா அது நம்மகிட்ட ஏதோ சொல்லுதுண்ணே. என்னன்னு கேட்டு எழுதிக்கிட்டு அப்புறம் அழிங்க. கேக்காமயே வாயைப் பொத்துறீங்களே." நான் ஊதித் தள்ளினேன். இருபத்தாறாம் வண்டியில் ஒரு பழுது. எப்போதாவது ஒரு முறைதான் தலைகாட்டும். மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். ஒரு நாள் காலை அது பதிவானது. அவர் வருவதற்கு முன்னால் நான் அழித்துவிட்டேன். வந்து பார்த்தார். ஒரு வார்த்தை கூடக் கத்தவில்லை. ஸ்கேனரை என் மேஜையில் வைத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். இனிமே நீங்கதான் டாக்டர்." அதோடு பேச்சு நின்றது.

ஸ்கேனர் அலமாரிக்கு மேலே சுவரைப் பாருங்கள். சுண்ணாம்புக்கு அடியில் லேசாகத் தெரிகிறதே, 'எழுதாமல் அழிக்காதே' என்று. அவர் எழுதியது. வெள்ளையடிக்கச் சொன்னது நான். அடித்தவர் ஒரு பூச்சோடு விட்டுவிட்டார்.

விபத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அவரே என் மேஜைக்கு வந்தார். இரண்டு டீ கொண்டு வந்தார். "கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்ணே. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். வயதில் பெரியவன் நான். தப்பும் என்னுடையது. வந்தது அவர். நான் சொன்னேன், "விடு தம்பி. இனிமே நான் அழிக்க மாட்டேன். எழுதி வெச்சிட்டுத்தான் மறுவேலை." டீயைக் குடித்தோம். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த அம்மாவுக்குக் கழுத்து வலி விட்டது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வாசலில் ஆறு வண்டிகள் வரிசையில் நின்றன. நடுவில் நாற்பத்தொன்று. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் ஹாரன். நான் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போனேன். செருகினேன். பதினேழு பதிவுகள் இருந்தன. முதல் வரியை மட்டும் படித்தேன். 'பின்பக்க உயரக் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் தொடர்பு இல்லை.' மற்றதைப் படிக்கவில்லை. பாக்கெட்டில் பேனா இருந்தது. எழுதவில்லை. அழித்தேன். மொத்தம் அரை நிமிட வேலை.

வரிசை நகர்ந்தது. ஆனால் நாற்பத்தொன்றுக்குப் பதினொன்றரைக்குத்தான் டிரிப் என்று பிறகுதான் பார்த்தேன். வண்டி ஷெட்டுக்குள்ளேயே நின்றது. அவ்வளவு அவசரம் எதற்கு? எந்த டிரிப்புக்காக அழித்தேன்? இந்த ஒன்பது நாளும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பத்து மணிக்கு அவர் வந்தார். முந்தின நாள் ஓட்டுநர் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம் கையில் இருந்தது. என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"அண்ணே, நாப்பத்தொண்ணுல டேஷ்போர்டு இருட்டாகி இருட்டாகி வருதுன்னு எழுதியிருக்காரு. செருகிப் பாத்தா மெமரில ஒண்ணுமே இல்ல. துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. காலைல யாராவது அழிச்சாங்களா?"

நான் டியூட்டி ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். இன்னொரு நான்கு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிய எனக்குத் தெம்பு இல்லை. ஆமாம்ப்பா, நான்தான், மன்னிச்சுக்கோ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"இல்லையே தம்பி. யாரும் தொடலையே" என்றேன்.

அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம். ஆனால் சமாதானம் ஆனவர் ஒருவர் சொல்வதை நம்பாமல் இருப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்க வேண்டும். "சரிண்ணே. அப்ப பின்சக்கரத்துக்கு மேல ஓடி போர்டுக்கு வர்ற ஒயர்தான். அசைச்சு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணைக் குழுத் தலைவர் அவர்களே, இந்த ஷெட்டில் ஒரு விதி உண்டு. உயரக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பெயர் பதிவில் ஒரே ஒரு முறை வந்தாலும், காற்றை முழுக்க இறக்கி, இரண்டு பக்கமும் தாங்கி வைத்த பிறகுதான் சக்கரத்துக்கு மேலே கையை விட வேண்டும். அந்தப் பெயர் பதிவில் இல்லாவிட்டால் தாங்கி கட்டாயமில்லை. இந்த விதியை எழுதியது யார் தெரியுமா? அவர்தான். எழுதிய நாளிலிருந்து அதை மீறாத ஒரே ஆளும் அவர்தான். அன்றைக்கும் அவர் மீறவில்லை. அவர் பார்த்தபோது பதிவில் அந்தப் பெயர் இல்லை. நான் துடைத்து வைத்திருந்தேன்.

அப்புறம் நடந்ததை உதவி எலக்ட்ரீஷியன் அம்மா உங்கள் குழுவிடம் சொன்னார். நீங்கள் பாதியைத்தான் எழுதிக்கொண்டீர்கள். மீதியை நான் சொல்கிறேன். அந்த அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஸ்கேனரோடு உட்கார்ந்திருந்தார். சாவி போட்டிருந்தது. ஒயரை அசைக்கும்போது எந்த இடத்தில் தொடர்பு விடுகிறது என்று பார்க்க இதைத் தவிர வேறு வழி கிடையாது. அவர் பின்சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் தோளையும் தலையையும் விட்டு ஒயரைப் பிடித்து அசைத்தார். அந்த அம்மா மேலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். "இருக்குண்ணே. இருக்கு. இருக்கு." பிறகு "போச்சு" என்றார். அந்த நொடியில் உயரப் பெட்டிக்கு மற்றப் பெட்டிகளின் பேச்சு எதுவும் கேட்கவில்லை. திரும்பக் கேட்டபோது தன் நிலை தெரியாமல் பின்பக்கக் காற்றைத் திறந்துவிட்டது. பேருந்து உட்கார்ந்தது.

ஜாக்கி வைத்துத் தூக்க நான்கு நிமிடம் ஆனது. தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதற்கு மேல் அவருடைய மகள் முன்னால் சொல்ல மாட்டேன்.

'தாங்கி ஏன் வைக்கவில்லை?' என்று குழுவில் கேட்டார்கள். அந்த அம்மா, "மெமரி சுத்தமா இருக்குன்னு அண்ணன் சொன்னாரு சார்" என்றார். 'தாங்கி வைக்கப்படவில்லை' என்று மட்டும் எழுதினார்கள். மெமரி ஏன் சுத்தமாக இருந்தது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. முந்தின நாள்தான் ஓட்டுநர் குறை எழுதிக் கொடுத்த வண்டியில் ஒரு பதிவுகூட இல்லை என்றால் அது சந்தேகப்பட வேண்டிய விஷயம் இல்லையா? என்னையும் கூப்பிட்டார்கள். காலையில் வண்டி எப்படி இருந்தது என்றார்கள். "நார்மல்" என்றேன். வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்தேன்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி, என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்த நிலையிலும் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"அண்ணே, அவரு அஜாக்கிரதையா இருந்தாருன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. படுக்கப் போறதுக்கு முன்னாடி கேஸை நாலு தடவை மூடிப் பாக்கிற மனுஷன்ணே அவரு. நான்கூட அதுக்குத் திட்டுவேன். அவரு எப்படிண்ணே இப்படிப் பண்ணியிருப்பாரு? நீங்க அங்கதானே இருந்தீங்க?"

நான் தண்ணீரைக் குடித்தேன். செம்பை வைத்தேன். "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மகள் வாசல் வரைக்கும் கூட வந்தாள். அவளும் பதிலுக்குத்தான் வந்தாள் என்று எனக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நெருங்கிய ஒருவரிடம் போன வாரம் பேசினேன். மேடையில்தான் இருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "விடுங்கண்ணே. போனவர் திரும்பி வரப்போறாரா? உங்களுக்கு ரிட்டயர்மெண்டுக்கு அஞ்சு மாசம்தான் இருக்கு. எல்லா ஷிப்டுலயும் செய்றதுதானே" என்றார். எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

ஏழு பன்னிரண்டு என்று எப்படித் தெரியும் என்பதற்கு இப்போது வருகிறேன். வண்டியின் நினைவை அழித்தாலும், அழிப்பதற்கு முன் படித்ததை ஸ்கேனர் தனக்குள் ஒரு நகல் வைத்துக்கொள்கிறது. குழு வண்டியைப் பார்த்தது. ஸ்கேனரைப் பார்க்கவில்லை. நான்கு நாளைக்கு முன்னால் நான் உட்கார்ந்து அதைத் தேடி எடுத்தேன். இதோ என் கையில் இருக்கிறது. தேதி, நேரம், வண்டி எண், பதினேழு வரிகள், கீழே அழித்தவரின் பணியாளர் எண். அது என் எண். பதினேழில் பதினொன்று உயரக் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பற்றியது. இந்தத் தாள் பத்து மணிக்கு அவர் கையில் இருந்திருந்தால், திட்டிக்கொண்டே போய்த் தாங்கிகளை இழுத்துக்கொண்டு வந்திருப்பார்.

இதனோடு என் வாக்குமூலத்தையும் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். குழுத் தலைவர் அவர்களே, மேடையிலேயே உங்களிடம் தருகிறேன். பூசி மெழுக வேண்டாம். 'சூழ்நிலை' என்றெல்லாம் எழுத வேண்டாம். பலகையில் குத்திய அந்தத் தாளை எடுத்துவிட்டு இதைக் குத்துங்கள். அதே இடத்தில், அதே ஊசியில்.

பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இப்படிப்பட்ட உரைகளை முடிப்பார்கள். நானும் ஒன்று சொல்கிறேன். நாற்பத்தொன்றோடு ஒரே சமயத்தில் வாங்கிய வண்டிகள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. மூன்று நாளாக நானும் உதவி எலக்ட்ரீஷியன் அம்மாவும், தாங்கி வைத்து, காற்றை இறக்கி, ஒவ்வொன்றாகப் பின்சக்கரத்துக்கு மேலே பார்த்தோம். நான்கு வண்டிகளில் ஒயரைப் பிடித்திருக்கும் கிளிப்பில் ரப்பரே இல்லை. ஒயர் இரும்பில் உரசித் தோல் உரிந்திருக்கிறது. அதில் இரண்டு வண்டிகள் இன்று காலையும் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய் வந்தன. அந்த நான்கும் நாளைக்கு வெளியே போகாது. நிறுத்தச் சீட்டில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேலாளர் அவர்களே, கோபப்படுங்கள். டிரிப் ரத்தாகட்டும். நாளை மறுநாள் எனக்கு இந்த வேலை இருக்குமோ என்னவோ, ஆனால் நாளைக்கு இருக்கிறது.

ஷிப்ட் மேற்பார்வையாளர்களே, உங்கள் பாக்கெட்டிலும் பேனா இருக்கிறது. நாளைக் காலையும் வாசலில் வரிசை நிற்கும், ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

இரண்டு நிமிடம் எழுந்து நிற்கச் சொல்லி நடத்தி வைக்கும்படி என்னிடம் கேட்டிருந்தார்கள். அந்தத் தகுதி எனக்கு இல்லை. அவரோடு கடைசி வரை பேசிக்கொண்டிருந்தது உதவி எலக்ட்ரீஷியன் அம்மா. இந்த ஒன்பது நாளாக, தான் 'போச்சு' என்று சொல்லத் தாமதித்தோமோ என்று அழுதுகொண்டிருக்கிறார். அம்மா, நீங்கள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. நீங்கள் மேலே வாருங்கள். நீங்கள் நடத்துங்கள்.

தங்கச்சி, இது உங்களுக்கு. உங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டியதை இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். உங்கள் மகளும் கேட்கட்டும். அவர் கவனக்குறைவாக இருக்கவில்லை. கை வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார். நான் பொய் சொன்னேன். அவர் நம்பினார்.